தண்ணீர் தேடி மலை ஏறினார்!
கோவைக்கு சிறுவாணியைக் காட்டிய நரசிம்மலு நாயுடு

தாராபுரத்தில் கோவைக்கு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். அங்கே உறவுக்காரர் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், ஊர் திரும்பியதும் எதைப் பற்றிப் பேசுவார்கள்? அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித்தான்!

சிறுவாணித் தண்ணீர்! இளநீர் மாதிரி இருக்கும் என்பார்கள். உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்றும் சொல்வார்கள். முதலாவது எது, குடித்துப் பார்த்து மார்க் போட்டவர் யார் என்று கேட்டால் பதில் வராது. அது போகட்டும். நல்ல தண்ணீர் என்பதில் சந்தேகம் இல்லை.

இந்தத் தண்ணீர் தானாகக் கோவைக்கு வரவில்லை. அது மலைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதை இந்தப் பக்கம் கொண்டு வரலாம் என்று 1889-ம் ஆண்டிலேயே வழி காட்டினார் ஒருவர்.

அவர் என்ஜினீயர் அல்ல. கலெக்டர் அல்ல. பெரிய ஜமீன்தாரும் அல்ல. அவர் ஒரு பத்திரிகைக்காரர்!

பெயர் எஸ்.பி.நரசிம்மலு நாயுடு. அலைந்து திரிந்து தண்ணீரைக் கண்டுபிடித்த அவர், அது கோவை வீதிக் குழாயில் கொட்டியதைப் பார்க்கவில்லை.

பிறந்த ஆண்டு

நரசிம்மலு நாயுடு பிறந்த ஆண்டு 1854. சேலத்தில் அவர் குடும்பம் இருந்தது. பெயருக்கு முன்னால் உள்ள முதல் எழுத்து சேலத்தைத்தான் குறிக்கிறது.

அதே 1854-ம் ஆண்டில், கடல் கடந்த லண்டன் மாநகரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

லண்டனில் பிராட் தெரு என்று ஒரு தெரு. ஆகஸ்டு மாதக் கடைசியில் அங்கே காலரா புகுந்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் செத்தார்கள்! வீட்டுக்கு வீடு அழுகுரல். பணம் உள்ளவர்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள்.

கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் அதை நம்பவில்லை. தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் நினைத்தார். செத்தவர்களின் வீடுகளைத் தேடிப் போனார். எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று விசாரித்தார். பெரும்பாலோர் அந்தத் தெருவில் இருந்த ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள்!

அவர் சொன்னதைக் கேட்டு, செப்டம்பர் 8-ந் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பம்புக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததும், அதன் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டுக் கழிவுக் குழியில் கொட்டியதும், அந்தக் குழி கசிந்து பம்புக் கிணற்றில் கலந்ததும் பிறகு தெரிய வந்தது.

ஒரு குழந்தையின் துணி. ஒரு கசிவு. 600-க்கும் மேற்பட்ட உயிர்கள்!

காலராக் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டியது 1884-ல்தான். கல்கத்தாவில் அவர் அந்தக் கிருமியைக் கண்ட இடங்களில் ஒன்று, ஜனங்கள் குளித்து, துவைத்து, அதே தண்ணீரைக் குடித்த ஒரு குளம்.

பஞ்ச காலத்துப் பத்திரிகை

நரசிம்மலு நாயுடு வாலிபராக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடிய பஞ்சம் அது. சேலம் ஜில்லாவும் கோவை ஜில்லாவும் கடுமையாக அடிபட்டன. தாராபுரம் அப்போது கோவை ஜில்லாவைச் சேர்ந்தது.

பஞ்சம் என்றால் பசி மட்டும்தான் என்று நினைக்கக்கூடாது. மழை இல்லை. கிணறு வற்றியது. குளம் வற்றியது. மிச்சம் இருந்த ஒன்றிரண்டு குட்டைகளில் மனிதர்களும் மாடுகளும் ஒன்றாக இறங்கினார்கள். அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். காலரா வாரிக்கொண்டு போயிற்று. பசிக்குத் தப்பியவர்கள் தண்ணீருக்குத் தப்பவில்லை.

அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877-ல், நரசிம்மலு நாயுடு பத்திரிகை நடத்தத் தொடங்கினார். சேலம் தேசாபிமானி என்று அதற்குப் பெயர். அவருக்கு அப்போது வயது 23!

பிறகு அவர் கோவைக்கு வந்தார். அங்கே கோயமுத்தூர் கலாநிதி என்ற பத்திரிகையை நடத்தினார். அச்சுக்கூடமும் வைத்தார். பத்திரிகை நடத்திக்கொண்டே புத்தகங்களும் எழுதினார். கோவில், சரித்திரம், யாத்திரை என்று அவர் எழுதாத விஷயம் இல்லை. வடநாட்டு யாத்திரையைப் பற்றி ஆரிய திவ்ய தேச யாத்திரைச் சரித்திரம் என்ற பெரிய நூலை எழுதினார். பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்டு, சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார்.

1885-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பம்பாயில் முதல் காங்கிரஸ் மகாசபை கூடியது. இந்தியா முழுவதிலும் இருந்து போன பிரதிநிதிகள் 72 பேர்தான். கோவையிலிருந்து போனவர் நரசிம்மலு நாயுடு.

எழுதுவதோடு நிற்கிறவர் அல்ல அவர். கோவையின் முதல் பஞ்சாலை 1888-ல் உருவானது. வெள்ளைக்கார வியாபாரி ராபர்ட் ஸ்டேன்சுடன் அதற்காகப் பாடுபட்டவர்களில் நாயுடுவும் ஒருவர். ஸ்டேன்ஸ் மில் என்று பெயர் வாங்கிய ஆலை அதுதான். இன்று திருப்பூரில் பனியன் தைக்கிறோம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் நூல் ஓடுகிறது என்றால், அந்தக் கதையின் முதல் பக்கத்தில் இந்தப் பத்திரிகைக்காரர் பெயரும் இருக்கிறது.

கோவையில் விக்டோரியா டவுன்ஹால் எழும்பியது 1892-ல். அதற்கு முன்நின்று வேலை செய்தவரும் அவரே. டவுன்ஹால் எல்லாம் இறங்கு என்று கண்டக்டர் கூவும்போது இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மில் வந்தது, தண்ணீர் எங்கே?

ஆலை வந்தால் ஆள் வருவார்கள். ஆள் வந்தால் தண்ணீர் வேண்டும். கோவையில் அதுதான் கஷ்டம்.

ஊரைச் சுற்றி நொய்யல் ஆற்றுத் தண்ணீர் நிரம்பும் குளங்கள் உண்டு. அவை வயலுக்கு ஏற்றவை. குடிக்க? ஊருக்குள் பல கிணறுகளில் உப்புக் கரித்தது. பெண்கள் இடுப்பில் குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி நடக்க வேண்டும். கோடையில் அந்தக் கிணறும் கலங்கும்.

கோவையில் ஏன் தண்ணீர் இல்லை? நாயுடு மேற்கே பார்த்தார். அங்கே மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை அரபிக் கடலிலிருந்து வந்து, அந்த மலையின் மறுபக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருவதற்குள் மேகத்தில் சரக்கு தீர்ந்துவிடுகிறது! கோவைக்கும் தாராபுரத்துக்கும் கிடைப்பது மிச்சம் மீதிதான். மலையின் மறைவில் உள்ள பூமி இது.

மறுபக்கத்தில் விழுந்த மழை என்ன ஆகிறது? முத்திக்குளம் மலைப் பகுதியில் அது அருவியாக விழுந்து சிறுவாணி ஆறாக ஓடுகிறது. வடக்கே போய் பவானி ஆற்றில் கலக்கிறது. அப்போது அந்த இடம் மலபார் ஜில்லா. மலபாரும் கோவையும் ஒரே சென்னை ராஜதானியில்தான் இருந்தன.

1889-ல் நரசிம்மலு நாயுடு அந்த மலைக்குப் புறப்பட்டார்!

பஸ் இல்லாத காலம். ரோடு இல்லாத காடு. யானைக் கூட்டம், அட்டை, மலைக்காய்ச்சல். மலைக்காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்ற உண்மைகூட அப்போது யாருக்கும் தெரியாது. அது தெரிய மேலும் 8 ஆண்டுகள் ஆயின. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தலையங்கம் எழுதவேண்டிய மனிதர் அந்தக் காட்டுக்குள் நடந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? வற்றாத தண்ணீர். ஊரோ ஆலையோ சாக்கடையோ கலக்காத தண்ணீர். கோவையைவிட உயரமான இடத்தில் இருக்கும் தண்ணீர்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மேட்டில் இருக்கும் தண்ணீர் பள்ளத்துக்குத் தானாக வரும். இறைக்க வேண்டாம். நடுவில் நிற்கும் மலையை மட்டும் கடந்துவிட்டால் போதும்!

இந்தத் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டு வரவேண்டும் என்று அவர் எடுத்துச் சொன்னார்.

நாற்பது ஆண்டுகள்

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. செலவு அதிகம் என்றார்கள். கோவை முனிசிபாலிடி 1866-ல்தான் பிறந்தது. வருமானம் சிறிது. மலையைக் குடைவது பெரிய வேலை. யோசனை கிடப்பில் போடப்பட்டது. பிறகு எடுப்பார்கள், மறுபடியும் கிடப்பில் போடுவார்கள்.

மற்ற ஊர்கள் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு 1872-லேயே செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது வடிகட்டாத தண்ணீர். திறந்த வாய்க்காலில் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் கட்டி, சுத்தம் செய்த தண்ணீரை 1914-ல் கொடுத்த பிறகுதான் சென்னை ஜனங்கள் தைரியமாகக் குடித்தார்கள். தண்ணீர் வருவது வேறு, நல்ல தண்ணீர் வருவது வேறு.

கோவை காத்திருந்தது. ஊர் மட்டும் காத்திருக்கவில்லை. அது வளர்ந்துகொண்டே போயிற்று. 1901-ம் ஆண்டு கணக்கெடுப்பில் சுமார் 53 ஆயிரம் பேர். 1931-ல் சுமார் 95 ஆயிரம் பேர்! அத்தனை பேருக்கும் பழைய கிணறும் குளமும் போதுமா? நடுவில் பிளேக் நோய் வேறு கோவையைப் பலமுறை ஆட்டி வைத்தது. பிளேக் தண்ணீரில் வருவதல்ல. எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியால் வருவது. ஆனால் நெருக்கடியும் அசுத்தமும் நிறைந்த ஊரில் எல்லா வியாதிக்கும் வழி இருக்கிறது.

1922-ம் ஆண்டு நரசிம்மலு நாயுடு காலமானார்.

சிறுவாணி அப்போதும் மலைக்கு அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வேலை சூடு பிடித்தது. கோவை முனிசிபல் சேர்மனாக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தார். எடுத்ததை விடவில்லை. மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். 1929-ல் சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்தது!

நாயுடு மலை ஏறி 40 ஆண்டுகள். அவர் மறைந்து 7 ஆண்டுகள். முதலியாரின் பெயரால் கோவையில் ஆர்.எஸ்.புரம் இருக்கிறது. அது நியாயமே. கட்டி முடித்தவருக்குப் பெயர் வேண்டும். ஆனால் முதலில் தேடிப் போனவரை மறப்பது நியாயமா?

குழாய்க்குப் பிறகு

வீதிக் குழாயில் நல்ல தண்ணீர் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறது.

குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர், குடத்தில் அசுத்தமாகலாம். எப்படி? திறந்து வைத்த குடம். சேற்றுக் கையோடு உள்ளே விடும் சொம்பு. நாளைக்கணக்கில் கழுவாத தொட்டி. பிராட் தெருவில் கசிவு மண்ணுக்கு அடியில் நடந்தது. நம் வீட்டில் அது அடுப்படியிலேயே நடக்கலாம்.

குடத்தை மூடி வைக்கவேண்டும். எடுப்பதற்கு நீண்ட பிடி உள்ள கரண்டியை வைத்துக்கொண்டால் விரல் தண்ணீரில் படாது. முனிசிபல் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். கிருமி குழாயில் நுழைந்தாலும் கொல்வதற்காக விட்டு வைத்த காவல்காரன் அது! சந்தேகமான தண்ணீர் என்றால், தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கவேண்டும்.

நம் பாட்டிமார் வேட்டித் துணியில் தண்ணீர் வடிகட்டினார்கள். பட்டிக்காட்டு வழக்கம் என்று சிரித்தவர்கள் உண்டு. பங்களாதேஷில் 65 கிராமங்களில் ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடித்து வடிகட்டிய வீடுகளில், காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது! 2003-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். காலராக் கிருமி தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அந்தப் பூச்சிகளைப் பிடித்துவிடுகிறது. புதுப் புடவையைவிடப் பழைய புடவையே நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பூத்து, இடைவெளி சிறுத்திருக்கும். கொதிக்கவைப்பதற்கு இது சமம் ஆகாது. விறகும் காஸும் இல்லாத வேளைக்கு இது ஒரு கை கொடுக்கும்.

இனி சிக்கனம். சொட்டும் குழாயை யாரும் லட்சியம் செய்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு. 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஆக, நாளுக்கு 4 லிட்டருக்கு மேல்! நாலு நாளில் ஒரு குடம் காணாமல் போகிறது. மாற்றவேண்டியது குழாயில் உள்ள ஒரு சின்ன ரப்பர் வாஷர். டீத்தண்ணீர் விலைதான் ஆகும்.

கொங்கு நாட்டு வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டமாட்டார்கள். அது கழனித் தண்ணீர். தொட்டிக்குப் போய் மாட்டின் வயிற்றுக்குப் போகும். காய்கறி கழுவியது முருங்கைக்குப் போகும். துணி அலசிய கடைசித் தண்ணீர் வாசல் கழுவ உதவும். மாடு இல்லாத வீட்டில் இந்த வழக்கமும் போய்விட்டது. இப்போது பல வீடுகளில் சுத்திகரிப்பு மெஷின் இருக்கிறது. ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுக்க அது இன்னொரு சொம்பையோ, அதற்கு மேலுமோ வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் தரை துடைக்கலாம், கக்கூசுக்கு ஊற்றலாம்.

தாராபுரம் அமராவதிக் கரையில் இருக்கும் ஊர். காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1957-ல், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் அமராவதி அணை எழும்பியது. ஆறு வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குழாயைத் திறக்கிறார்கள்.

வடக்கே நொய்யல் கதை வேறு. அங்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு அதில் தேங்கியது. பயிருக்கு உதவவேண்டிய தண்ணீர் பயிரைக் கருக்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. 2011-ல் சாயப்பட்டறைகளை மூட ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஒரு சொட்டுகூட ஆற்றில் விடாத ஆலைகளே பிறகு திறக்க முடிந்தது. ஆறு பக்கத்தில் ஓடியும், திருப்பூர் ஜனங்கள் மேட்டுப்பாளையத்துப் பவானியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

அந்தப் பவானியில் கலந்து வருவது எது? சிறுவாணியும்தான்! நாயுடு கோவைக்காகத் தேடிய ஆற்றின் மிச்சத்தைத் திருப்பூரும் குடிக்கிறது.

எல்லை மாறிய பிறகு

1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. சிறுவாணி இருக்கும் இடம் கேரளத்துக்குப் போயிற்று. கோவை தமிழ்நாட்டில் நின்றது. ஒரே ராஜதானியாக இருந்த காலத்தில் கையெழுத்து ஒன்று போதும். இப்போது இரண்டு சர்க்கார் பேசவேண்டும்.

பேசினார்கள். 1973-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. பெரிய அணை கட்டும் வேலை 1984-ல் முடிந்தது. அணை இருப்பது கேரளத்தில். தண்ணீர் குடிப்பது கோவை.

2016-ம் ஆண்டு மழை பொய்த்தது. அடுத்த கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கோவையில் குடங்கள் மறுபடியும் வரிசையில் நின்றன. இன்றும் ஜூன் மாதம் பிறந்து மலையில் மேகம் கூடினால், கோவைப் பத்திரிகைகளில் ஒரு சிறு செய்தி தவறாமல் வரும். சிறுவாணியில் இன்று எத்தனை அடித் தண்ணீர் என்பதே அந்தச் செய்தி. மொத்த உயரம் சுமார் 50 அடி.